பூர்வகுடிகளும் நில பாத்தியதையும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற மாதக் கூட்டத்தில் உலகத்துப் பூர்வகுடிகளின் உரிமைகளைப் பற்றி நாம் சில வார்த்தைகள் கூறி அமர்ந்தபோது, நமது சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். "ஐயா, தாங்கள் சொல்வதெல்லாம் செவிக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் பட்டாவோ பத்திரமோ ஒரு துண்டுக் கடுதாசியோ இல்லாதவன் 'இந்த மலை என்னுடையது' என்றால் அதை எந்தக் கச்சேரியில் ஏற்பார்கள்?" என்று வினவினார். பொழுது சாய்ந்துவிட்டமையால் அன்று விடையிறுக்க இயலவில்லை. அக்கேள்வியை நாம் சாதாரணமாக எண்ணவில்லை. நம்மவரிற் பெரும்பாலோர் நிலத்தை நம்பி வாழ்ந்த குடியினர். பத்திரம் தொலைந்தமையால் பாட்டன் சொத்து கைவிட்டுப்போன குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். ஆதலின் கடுதாசி வேண்டும் என்னும் அவர் எண்ணம் அனுபவத்தினின்று பிறந்ததேயாம். இன்றைய பிரசங்கம் முழுவதும் அவ்வொரு கேள்விக்கே விடையாக அமையட்டும் என்று கருதி வந்துள்ளோம்.

விடையை நம் ஊகத்தால் உண்டாக்கிக் கூறப்போவதில்லை. கடுதாசி ஒன்றுமின்றி ஒரு சிறு தீவினர் ஒரு பெரிய ராஜாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்துப் பத்து வருஷம் போராடி வென்ற வரலாறு ஒன்றுண்டு. அது நிகழ்ந்த தேசம் ஆஸ்திரேலியா. அதே தேசத்தில், அதே சட்டத்தின்கீழ், வேறொரு குடியினர் தோற்ற வரலாறும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேள்வியின் உட்கிடை புலனாகும்.

ஆங்கிலேயர் 1788-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இறங்கிக் குடியேற்றம் அமைத்தனர். ஒரு தேசத்தை மற்றொரு ராஜாங்கம் அடைவதற்கு அக்காலத்து ஐரோப்பியச் சட்டம் மூன்று வழிகளைச் சொல்லிற்று. போரில் வென்று கொள்ளுதல் ஒன்று. உடன்படிக்கையாற் பெறுதல் ஒன்று. ஆளில்லாத வெற்று நிலத்திற் குடியேறுதல் ஒன்று. முதலிரண்டு வழியில் வந்த நாடாயின் அங்கு முன்பிருந்த மக்களின் சொத்துரிமை, புதிய அரசன் மாற்றும்வரையில் நிலைத்திருக்கும். மூன்றாவது வழியில் வந்ததாயின் முன்னுரிமை என்று பேசுதற்கே இடமில்லை. ஆஸ்திரேலியா பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்த கண்டமாயினும், அது மூன்றாவது வகையிற் சேர்க்கப்பட்டது. உழுது வேலியிட்டு வாழாதவர் நிலத்துக்கு உடையவராகார் என்பது வந்தவர்களின் எண்ணம். 'டெர்ரா நல்லியஸ்', அதாவது ஒருவருக்கும் உரியதல்லாத பூமி, என்று லத்தீன் மொழியில் பிற்காலத்தார் இக்கொள்கையைக் குறிப்பிடுவர்.

நம் ஊர்க் கணக்கில் 'புறம்போக்கு' என்று ஒரு வார்த்தை உண்டல்லவா? மந்தைவெளியும், ஏரிக்கரையும், சுடுகாடும், வண்டிப்பாதையும் புறம்போக்கே. அங்கே மாடு மேய்கிறது; மனிதர் நடக்கின்றனர்; மாண்டோர் உறங்குகின்றனர். ஆயினும் தீர்வை விதிக்கப்படாத காரணத்தாற் கணக்கிற்குப் புறம்பாகிறது. நம் புறம்போக்கிலாவது இது மேய்ச்சலுக்கு, இது மயானத்துக்கு என்று ஒரு குறிப்பு எழுதிவைக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் விஷயத்தில் அந்தக் குறிப்புமின்றி ஒரு கண்டம் முழுவதையும் புறம்போக்காக எழுதிவிட்டனர் என்று கொண்டால் விஷயம் ஒருவாறு விளங்கும்.

இக்கொள்கையை நியாயஸ்தலத்தில் எதிர்த்து முதலில் வாதாடியோர் வடபாகத்தில் ஆர்னம் லாண்ட் என்னும் பிரதேசத்து யோல்ங்கு மக்கள் ஆவர். அவர்களுடைய பூமியில் பாக்சைட் என்னும் அலுமினிய மண் அகப்பட்டது. அவர்களைக் கேளாமலே சுரங்கத்துக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. 1963-ம் வருஷத்தில் யிர்க்காலா என்னும் ஊரிலிருந்து அவர்கள் பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் அனுப்பினர். அவ்விண்ணப்பம் மரப்பட்டையில் ஒட்டப்பெற்று, சுற்றிலும் அவர்கள் குலச் சித்திரங்கள் தீட்டப்பெற்றிருந்தது. தம் மொழியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தனர். நிலத்துக்குப் பத்திரம் எங்கே என்று கேட்ட ராஜாங்கத்துக்கு, தமக்குத் தெரிந்த பத்திரத்தை அவர்கள் அனுப்பினர் என்றே நாம் கொள்கிறோம். பலன் கிட்டாமையால் வழக்குத் தொடுத்தனர். 1971-ம் வருஷத்தில் தீர்ப்பளித்த நீதிபதி பிளாக்பர்ன் என்பவர், இம்மக்களிடம் நுட்பமான சட்டமுறையொன்று உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆனால், நிலம் இக்குலத்தாருக்குச் சொந்தம் என்பதைக் காட்டிலும் இக்குலத்தார் நிலத்துக்குச் சொந்தம் என்பதே பொருந்தும் என்றும், ஆதலின் இங்கிலீஷ் சட்டம் அறிந்த சொத்துரிமை இதுவன்று என்றும் கூறி வழக்கைத் தள்ளினார். அம்மக்களுடைய பற்றின் ஆழமே அவர்கள் பாத்தியதைக்கு இடையூறாயிற்று. இதனினும் விந்தையான தீர்ப்பை நாம் வாசித்ததில்லை.

நிற்க. இனி அச்சிறு தீவின் கதைக்கு வருவோம்.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையே டாரஸ் ஜலசந்தி என்னும் கடற்பகுதி உளது. அதன் கீழ்க்கோடியில் மெர், டவார், வையர் என்னும் மூன்று தீவுகள் உள. இங்கிலீஷ்காரர் இவற்றை மர்ரே தீவுகள் என்பர். மூன்றும் சேர்ந்து ஒன்பது சதுர கிலோமீட்டர் அளவினவே. எரிமலை மண் ஆகையால் நல்ல வளமுடையவை. அங்கு வாழும் மெரியம் மக்கள் தோட்டப் பயிர் செய்வோர். வள்ளியும் வாழையும் தென்னையும் வளர்ப்போர். கடலில் மீன் பிடிப்போர். ஒவ்வொரு தோட்டத்துக்கும் பெயருண்டு, எல்லையுண்டு. எல்லையென்பது கல்லாகவோ, மரமாகவோ, வேண்டுமென்று நட்ட செடியாகவோ இருக்கும். தந்தை மகனைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று இதுவரை நம்முடையது, அப்புறம் இன்னாருடையது என்று காட்டிக் கொடுப்பான். மாலோ என்னும் தெய்வத்தின் கட்டளை என்று அவர்கள் போற்றும் நெறியின் சாரம் யாதெனின், பிறன் தோட்டத்தில் அனுமதியின்றிக் கால் வையாதே, பிறன் பொருளில் கை வையாதே என்பதாம். 1879-ம் வருஷத்தில் குயின்ஸ்லாந்து ராஜாங்கம் இத்தீவுகளைத் தன் எல்லையிற் சேர்த்துக்கொண்டது. தோட்டக்காரரை ஒருவரும் அகற்றவில்லை. ஆதலின் தம் மண் தம்முடையதன்று என்பதே அவர்கள் அறியாத செய்தியாயிற்று.

எடி கொய்கி மாபோ என்பவர் மெர் தீவில் 1936-ம் வருஷத்திற் பிறந்தவர். பிறந்த சிறிது காலத்தில் தாயை இழந்து, தாய்மாமனாகிய பென்னி மாபோவின் வீட்டில் அவர் மகனாகவே வளர்ந்தார். இளமையிலேயே தீவைவிட்டுப் பெருநிலத்துக்கு வந்து, முத்துச்சிப்பிப் படகிலும் ரயில் பாதையிலும் கூலிவேலை செய்தார். பின்னர் டவுன்ஸ்வில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக அமர்ந்தார். தம் இனத்துப் பிள்ளைகளுக்கென்று 1973-ம் வருஷத்தில் ஒரு பள்ளிக்கூடமும் ஏற்படுத்தினார். அப்பல்கலைக்கழகத்துச் சரித்திர ஆசிரியர் ஹென்றி ரெய்னால்ட்ஸ் முதலியோருடன் உரையாடுவது அவர் வழக்கம். ஒரு நாள் தம் தீவுத் தோட்டத்தைப் பற்றிப் பெருமிதத்துடன் அவர் பேசிக்கொண்டிருக்க, அந்நிலம் சட்டப்படி அவருடையதன்று, முடியரசுக்குச் சொந்தம் என்று அவர்கள் சொல்லவேண்டியதாயிற்று. மாபோவுக்கு அது நம்பத்தகாத வார்த்தையாகப் பட்டது. வேறொருவன் தன் தோட்டத்துக்கு உடையவனாவது எங்ஙனம் என்பதே அவருக்குப் புரியவில்லை. அத்தோட்டக்காரருக்குப் புரியாத அந்த ஒன்றுதான் பின்பு ஒரு தேசத்தின் சட்டத்தையே மாற்றியது.

1982-ம் வருஷம் மே மாதத்தில் மாபோவும் டேவிட் பாஸி, ஜேம்ஸ் ரைஸ் முதலிய வேறு நால்வரும் ஆஸ்திரேலிய ஹைகோர்ட்டில் வழக்குத் தாக்கல் செய்தனர். (ஹைகோர்ட்டு என்பது அத்தேசத்தில் எல்லாவற்றுக்கும் மேலான நியாயஸ்தலத்தின் பெயர், நம் நாட்டு ஹைகோர்ட்டோடு மயங்கற்க.) வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே குயின்ஸ்லாந்துச் சட்டசபை 1985-ம் வருஷத்தில் ஒரு சிறிய சட்டம் நிறைவேற்றியது. 1879-ல் தீவுகளைச் சேர்த்துக்கொண்டபோதே பழைய பாத்தியதைகள் யாவும் ஒழிந்தன, நஷ்டஈடு என்பதும் கிடையாது என்று அச்சட்டம் கூறியது. சதுரங்கத்தில் தோற்பவன் பலகையையே கவிழ்ப்பது போன்ற செயல் இது. வழக்கின் மூலக்கேள்வியை விட்டு, இச்சட்டம் செல்லுமா என்பதைத் தீர்ப்பதற்கே மூன்று வருஷம் கழிந்தது. இனவேற்றுமையைத் தடுக்கும் 1975-ம் வருஷத்துப் பொதுச் சட்டத்துக்கு இது முரணானது என்று 1988-ம் வருஷம் டிசம்பரில் ஹைகோர்ட்டு தள்ளிற்று. நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்ற தீர்ப்பு அது. ஒரு நீதிபதி மாறியிருப்பின் மாபோவின் பெயரை இன்று நாம் அறிந்திரோம்.

சாட்சி விசாரணைதான் நம் மூத்த அங்கத்தினரின் கேள்விக்கு நேரான இடம். உண்மைகளை ஆராயும் பொறுப்புக் குயின்ஸ்லாந்து நீதிபதி மாய்னிஹான் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மாபோ சாட்சிக் கூண்டில் ஏறி, "இவ்வெல்லையைப் பாட்டனார் எனக்குக் காட்டினார்; இவ்வண்ணம் சொன்னார்" என்று தொடங்கும்போதெல்லாம், ராஜாங்க வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். மாண்டவர் சொன்னதைச் சொல்வது கேள்விச் சாட்சியம். அது சட்டத்துக்கு ஏலாது என்பது ஆட்சேபம். எழுத்தில்லாத ஒரு சமூகத்தில் தந்தையும் பாட்டனும் சொன்னதே பத்திரம், சாஸனம், ரிஜிஸ்தர் எல்லாம். அதைச் சொல்லக்கூடாதெனில் அவர்கள் வாய் திறப்பதெப்படி? நல்லவேளையாக நீதிபதி அச்சாட்சியத்தைக் கேட்க மறுக்கவில்லை. 1989-ம் வருஷத்தில் அவர் மெர் தீவுக்கே சென்று அமர்ந்து, அவ்வூர் மக்களின் வாக்குமூலம் பெற்றார்.

ஆங்கு வெளிப்பட்ட ஒரு செய்தி நம் நெஞ்சைக் கவர்ந்தது. தீவில் நெடுங்காலமாக ஒரு சிறு பஞ்சாயத்துக் கோர்ட்டு இருந்துவந்தது. அதன் பதிவேடுகளிற் கண்டது யாதெனின், இன்னான் எல்லைக் கல்லைத் தள்ளி நட்டான், இன்னான் தென்னை என் தோட்டத்தது, இப்பங்கு தம்பிக்கா அண்ணனுக்கா என்னும் வழக்குகளேயாம். நிலம் ஒருவருக்கும் சொந்தமன்றேல் இவ்வழக்குகள் எங்ஙனம் எழும்? வரப்புத் தகராறு என்றால் நாம் வெட்கப்படுகிறோம். ஒரு முழ வரப்புக்காக உடன்பிறந்தோர் முகம் பாராதிருக்கும் குடும்பங்கள் நம்மிடையேயும் உள. ஆனால் மெரியம் மக்களுக்கு அவர்கள் முன்னோரின் வரப்புச் சண்டையே நிலையான சாட்சியாக வந்து உதவிற்று. இங்கிலாந்திலிருந்து 1898-ம் வருஷத்தில் அத்தீவுக்குச் சென்று ஆராய்ந்த ஹாடன் முதலிய அறிஞர்களின் குறிப்புகளும் அவர்கள் கூற்றுக்குத் துணை நின்றன.

ஆயின் மாபோவுக்கு ஒரு பேரிடி காத்திருந்தது. 1990-ம் வருஷத்தில் வெளியிட்ட தம் முடிவில் அந்நீதிபதி, தீவினர்க்கு நிலமுறைமை உண்டென்று கண்டபோதிலும், பென்னி மாபோவின் வாரிசாக எடி மாபோ கோரிய பங்குகளை ஏற்கவில்லை. சுவீகார வழக்கென்றால் நம்மவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. வளர்த்த மகனா, வாரிசா என்னும் கேள்வி ஒரு குடும்பத்தை எப்படிப் புண்படுத்தும் என்பதை நாமறிவோம். வழக்கின் பெயர் அவர் பெயர். அவருடைய கோரிக்கை மட்டும் தள்ளப்பட்டது! வழக்கைக் கைவிடாமல், தனி மனிதன் பங்கு என்பதை விட்டு, மெரியம் மக்கள் அனைவருக்குமான பாத்தியதை என்னும் வாதத்தின்மேல் அது தொடர்ந்து நடந்தது. 1992-ம் வருஷம் ஜனவரி மாதம் 21-ந் தேதி மாபோ புற்றுநோயால் இறந்தார். வயது ஐம்பத்தைந்து. அவ்வருஷம் ஜூன் மாதம் 3-ந் தேதி ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. எழுவருள் அறுவர் இசைந்தனர். உலகத்தார் அனைவருக்கும் எதிராக, மர்ரே தீவுகளின் நிலத்தை அனுபவிக்கும் உரிமை மெரியம் மக்களுடையது என்றும், கண்டம் ஒருவருக்கும் உரியதல்லாதிருந்தது என்னும் பழைய கொள்கை பொய்யென்றும் அத்தீர்ப்பு மொழிந்தது. அடுத்த வருஷத்திற் பூர்வீக பாத்தியதைச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று.

இங்கு ஒரு துயரச் செய்தியையும் மறைக்கலாகாது. தீர்ப்பின் மூன்றாமாண்டு நிறைவில் டவுன்ஸ்வில் நகரத்தில் மாபோவின் கல்லறைக்கு நடுகல் திறந்தனர். உடனே எவரோ அக்கல்லறையை இழிசொல் எழுதி இழிவுபடுத்தினர். குடும்பத்தார் உடலை எடுத்துச்சென்று மெர் தீவிலேயே அடக்கம் செய்தனர். தந்தை மரணப்படுக்கையிற் கிடந்தபோது தீவுக்குச் செல்ல மாபோவுக்கு அனுமதி கிடைக்காதிருந்தது. அவர் தம் மண்ணுக்குத் தடையின்றித் திரும்பியது இவ்வாறுதான்.

இதனோடு நிறுத்தினால் நம் அங்கத்தினர் மகிழ்ந்து வீடு செல்லலாம். ஆனால் விஷயத்தின் மறுபுறம் இனிமேல்தான் வருகிறது.

மர்ரே என்னும் பெயரிலேயே தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பேராறு ஓடுகிறது. அதற்கும் அத்தீவுகளுக்கும் பெயரன்றி வேறு தொடர்பில்லை. அவ்வாற்றங்கரை யோர்ட்டா யோர்ட்டா என்னும் குடியினரின் பூர்வீகம். அது புல்வளம் மிக்க சமவெளியாதலால் 1840-க்குப் பின் வெள்ளையர் ஆட்டுமந்தைகளோடு நிறைந்தனர். நோயாலும் வன்முறையாலும் குடியினர் குன்றினர். எஞ்சியோர் மிஷன் குடியிருப்புகளில் ஒதுங்கினர். தம் மொழியும் சடங்கும் அங்கு ஊக்கப்படவில்லை. 1881-ம் வருஷத்தில் மாலோகா என்னும் குடியிருப்பைச் சேர்ந்த 42 பேர், தம் பூமி முழுதும் பிறர் கையிற் போய்விட்டமையால், உழுது பிழைக்கச் சிறிது நிலம் அளிக்கவேண்டுமென்று கவர்னருக்கு விண்ணப்பித்தனர்.

இக்குடியிற் பிறந்த வில்லியம் கூப்பர் என்னும் முதியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் கடக்க மனம் வரவில்லை. 1930-க்குப் பின்னர் அவர் ஊரூராகச் சென்று, தம் மக்களுக்குப் பார்லிமெண்டில் ஒரு பிரதிநிதி வேண்டுமென்று அரசருக்கு விண்ணப்பம் எழுதி 1,814 கையொப்பம் சேகரித்தார். ராஜாங்கம் அதை அரசருக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டது. அத்தகைய மனிதர், 1938-ம் வருஷம் டிசம்பரில், ஜெர்மனியில் யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டித்து ஒரு தீர்மானத்தை எடுத்துக்கொண்டு மெல்போர்ன் நகரத்து ஜெர்மன் கான்ஸல் காரியாலயத்துக்குத் தம் தோழரோடு நடந்து சென்றார். தம் தேசத்திலேயே குடியுரிமை முழுதும் பெறாத ஒருவர், கடல் கடந்த பிறர் துயரத்துக்காக நடந்தார். பிற தேசத்துப் பூர்வகுடிகளின் பேச்சு நமக்கெதற்கு என்று சென்ற மாதம் சிலர் முணுமுணுத்ததும் நம் காதில் விழுந்தது. அவர்களுக்கு இச்செய்தியையே விடையாக வைக்கிறோம்.

யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 1994-ம் வருஷத்தில், புதிய சட்டத்தின்கீழ்த் தம் பாத்தியதையைக் கோரினர். அச்சட்டமோ, குடியினர் தம் பழைய வழக்க ஒழுக்கங்களை இடையறாது காத்துவந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. 1998-ம் வருஷத்தில் நீதிபதி ஆல்னி என்பவர் கோரிக்கையை நிராகரித்தார். சரித்திரத்தின் அலை அவர்களுடைய பாத்தியதையைக் கழுவிச் சென்றுவிட்டது என்பது அவர் தீர்ப்பின் கருத்து. குடியினரின் வாய்மொழியைவிட, அந்நிலத்தில் மந்தையோடு புகுந்த எட்வர்டு கர் என்பவர் பிற்காலத்தில் எழுதிய நூலுக்கு மிகுந்த மதிப்புத் தந்தார். 1881-ம் வருஷத்து விண்ணப்பமோ இன்னும் வியப்பு! நிலம் போயிற்று, சிறிது கொடுங்கள் என்று முன்னோர் இரந்தனரல்லவா? அவர்கள் அப்போதே பழைய வாழ்க்கையினின்று நீங்கிவிட்டனர் என்பதற்கு அதுவே சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2002-ம் வருஷம் டிசம்பரில் ஹைகோர்ட்டும், இருவர் மாறுபட, அத்தீர்ப்பை உறுதி செய்தது.

சகோதரர்களே! இவ்விரு வழக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மெர் தீவு தூரத்திலிருந்தது, சிறியது, வெள்ளையர் குடியேற விரும்பவில்லை, ஆதலின் தோட்டங்கள் பிழைத்தன, சான்றுகள் பிழைத்தன, வழக்கு வென்றது. மர்ரே ஆற்றங்கரை செழிப்பானது; ஆதலின் முதலிற் பறிபோயிற்று; மொழி போயிற்று; சான்று போயிற்று; வழக்கும் தோற்றது. எவர் மிகுதியாக இழந்தனரோ அவரே மிகுதியாக நிரூபிக்க வேண்டியவராயினர். வீட்டைக் கொளுத்தியபின், அவ்வீடு உன்னுடையது என்பதற்கு வீட்டினுள் இருந்த பத்திரத்தைக் கொண்டுவா என்பது போலாகும் இது. பூர்வகுடிகளின் உரிமைக்காகப் பேசுவோர் இன்று உலகெங்கும் கேட்பது தானமுமன்று, தயவுமன்று. நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதைச் சீர்திருத்துங்கள் என்பதே. யோர்ட்டா யோர்ட்டா மக்கள் பின்னர் விக்டோரியா மாகாண ராஜாங்கத்தோடு 2004-லும் 2010-லும் ஒப்பந்தம் செய்துகொண்டு, சில வனங்களின் நிர்வாகத்திற் பங்கு பெற்றனர் என்பதையும் நியாயத்தின் பொருட்டுச் சொல்லவேண்டும். கோர்ட்டில் அகப்படாதது சம்மதப் பேச்சில் ஓரளவு அகப்பட்டது.

2007-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 13-ந் தேதி ஐக்கிய நாடுகள் மகாசபை பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. 144 தேசங்கள் சார்பாகவும் நான்கு எதிராகவும் வாக்களித்தன. பதினொன்று நடுநிலை வகித்தன. எதிர்த்த நான்கும் ஆஸ்திரேலியா, நியூஜீலந்து, கனடா, அமெரிக்கா என்பன. பூர்வகுடிகளின் நிலத்தைப் பெரும்பாலும் கைக்கொண்ட தேசங்களே எதிர்த்தன என்பது தற்செயலன்று. 2010-ம் வருஷ முடிவுக்குள் நான்கும் தத்தம் எதிர்ப்பை விட்டன. நம் தேசம் சார்பாக வாக்களித்தது. அவர்தம் நிலத்தைத் தொடுமுன் சுயேச்சையாகவும், முன்னதாகவும், விவரமறிந்தும் அவர்கள் தரும் சம்மதம் வேண்டும் என்பது பிரகடனத்தின் உயிரான விதி. ஆயினும் இது பிரகடனமேயன்றிக் கட்டுப்படுத்தும் சட்டமன்று. ஆஸ்திரேலியாவில் 2023-ம் வருஷம் அக்டோபரில், பார்லிமெண்டுக்கு ஆலோசனை கூறும் பூர்வகுடிச் சபை ஒன்றை அமைக்கும் திருத்தத்தைக் குடிகள் வாக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது பேர் நிராகரித்தனர். கூப்பர் எழுதிய விண்ணப்பத்துக்கு விடை இன்னும் வந்தபாடில்லை.

அயல்தேசத்துக் குற்றத்தை மட்டும் பேசி மகிழ்தல் நமக்கு அழகன்று. நம் நாட்டில் ஒடிஸா மாகாணத்து நியமகிரி மலையிலும் அதே பாக்சைட் மண் உண்டு. அங்கு வாழும் டோங்கரியா கோண்ட் மக்கள் அம்மலையை நியமராஜா என்னும் தம் தெய்வத்தின் இருப்பிடமாக வணங்குவோர். சுரங்கம் வெட்டலாமா என்னும் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2013-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 18-ந் தேதி, இம்மக்களின் சமய உரிமைக்கும் வன உரிமைக்கும் பங்கமுண்டா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து கூறட்டும் என்று பணித்தது. ஜில்லா நீதிபதி அந்தஸ்துடைய ஒருவர் பார்வையாளராக அமர, பன்னிரண்டு ஊர்களிற் சபை கூடிற்று. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அடுத்த வருஷத் தொடக்கத்தில் மத்திய ராஜாங்கம் அனுமதி மறுத்தது. யிர்க்காலாவில் மரப்பட்டையில் எழுதியும் கிட்டாதது நியமகிரியில் மலைமேல் வாயாற் சொல்லியே கிட்டிற்று. சாட்சியை நகரத்துக் கூண்டில் ஏற்றாமல், சாட்சியின் ஊருக்கே நியாயம் சென்றதன் பலன் அது.

இனி நம் மூத்த அங்கத்தினருக்கு நேரான விடை. கடுதாசி இல்லாதவன் சொல்லை எந்தக் கச்சேரி ஏற்கும் என்றார். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2008-ம் வருஷத்தில் ஏற்பட்ட விதிகளில், எவ்வெவை சான்றாகும் என்று எழுதப்பட்டுள்ளது. ராஜாங்கப் பதிவுகள் ஒருபுறமிருக்க, நிலத்திற் கட்டிய வரப்பும் தடுப்பணையும் சான்று, பரம்பரையாக மேய்த்த இடம் சான்று, மயானமும் கோயிற்காடும் சான்று, வம்சாவளியும் சான்று. இவற்றோடு, உரிமை கோருவோரல்லாத முதியோர் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளும் வாக்குமூலமும் சான்று. ஆம் ஐயா, மெர் தீவில் எதை எதிர்த்து வக்கீல் எழுந்தெழுந்து நின்றாரோ, அதை நம் சட்டம் எழுத்திலேயே ஏற்றிருக்கிறது. அம்முதியோர் இன்ன ஜாதியாராய் இருத்தல்வேண்டும் என்று அவ்விதியில் இல்லை.

ஆகவே நம் சங்கத்தாருக்கு இங்கு ஒரு வேலை உண்டு. நம் குலத்தாரிற் பலர் மலையடிவாரக் கிராமங்களில் இரண்டு மூன்று தலைமுறையாக நிலம் வைத்துப் பயிரிடுவோர். அம்மலைகளில் இருளரும் குறும்பரும் பிறரும் எவ்விடத்திற் கிழங்கெடுத்தனர், எவ்விடத்தில் மாண்டோரைப் புதைத்தனர், எந்தப் பாறைக்குப் பொங்கலிட்டனர் என்பதை நம் வீட்டு முதியோர் கண்ணாற் கண்டிருக்கின்றனர். அவர்களுடைய கோரிக்கை கிராம சபைக்கு வரும்போது, வாய்க்காலும் வழியும் தமக்குப் போய்விடுமோ என்று நம்மவர் அஞ்சி வாய்மூடியிருப்பதை நாமறிவோம். அவ்வச்சத்தில் சிறிது நியாயமுண்டாயின் அதையும் சபையிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கண்டதைக் கண்டபடி எழுதிக்கொடுப்பதற்கு இசைவுள்ள முதியோரின் பெயர்களை, ஊர்வாரியாக, அடுத்த கூட்டத்துக்குள் காரியதரிசி அவர்களிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சென்ற மாதம் கேள்வி கேட்ட பெரியவரும் அத்தகைய ஓர் ஊரினரே. அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. அவர் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாமா என்று இச்சபையிலேயே அவரைக் கேட்கிறோம்.